ஹெல்மெட்டைக் கழற்றியது யார்?

"படிச்சவதானே நீ? அடிபட்டுக் கிடக்கிற பிள்ளைக்கு ஹெல்மெட்டைக் கழட்டலாமா? தூக்கி உட்கார வைக்கலாமா?"

அவசரப் பிரிவு வாசலில் தேன்மொழி போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

மழை ஈரத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்த அவள் மகன் தீபன் உள்ளே படுத்திருந்தான். கழுத்துப் பக்கம் எலும்பு உடைந்து நரம்பு நசுங்கிவிட்டது, இனி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அசைக்காமல் கொண்டு வந்திருந்தால் கால் தப்பியிருக்கலாம் என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"யார் செஞ்ச வேலை இது?" என்று தேன்மொழி அலறியதற்கு, ஆம்புலன்சில் வந்த நர்ஸ் ஏஞ்சலா, "நான்தாங்க" என்றாள்.

அவ்வளவுதான், தேன்மொழி பிடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த வீரமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருஷமாக ஏஞ்சலாவோடு இந்த வண்டியில் ஓடுகிறார். ஹெல்மெட்டைக் கழற்றுவது ஒருத்தர் வேலையா என்ன? ஒருவர் கழுத்தை ஆடாமல் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும். எப்போதும் கழுத்தைப் பிடிப்பவர் அவர்தான். இன்று அவள் கூப்பிடவே இல்லை.

பாசிர் கூடாங் தொழிற்சாலைச் சாலையில் ஏஞ்சலா முதலில் இறங்கி ஓடினாள்; பின்னாலேயே அவர் ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டு ஓடியபோதே ஹெல்மெட் புல்லில் கிடந்தது. கூட்டத்துக்கு நடுவே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பையன், "கை மரத்துப்போச்சு, கால் இருக்கிறதே தெரியல" என்று அழுதுகொண்டிருந்தான்.

அடிபட்டவனை யாராவது தொட்டாலே பத்ரகாளியாகிறவள் ஏஞ்சலா. இங்கே வாயைத் திறக்காமல் நிற்கிறாள்.

"ஏஞ்சலா, நீ எங்கம்மா கழட்டினே..." என்று ஆரம்பித்தார் வீரமுத்து.

"அண்ணே, நீங்க போய் வண்டியத் திருப்புங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமலே.

"இரு, உன் மேல ரிப்போர்ட் போடறேன்! உனக்கு வேலை இருக்காது! நீ பிள்ளை பெத்திருந்தா தெரியும்!" என்று மேலும் கத்தினாள் தேன்மொழி.

ஏஞ்சலாவுக்கு இரண்டு பிள்ளைகள். அதையும் அவள் சொல்லவில்லை.

தேன்மொழியின் கணவர் சுகுமாறன் வேலை உடுப்போடு சுவரோரம் நின்றிருந்தார். மனைவியை அடக்கவும் இல்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஒரு பெண்ணை ஊரே பார்க்கக் கிழிக்கிறாள், இந்த மனுஷன் மரம் மாதிரி நிற்கிறாரே என்று வீரமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது.

வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா பழியத் தூக்கி நீ தலையில போட்டுக்கிட்டே? வேலை போயிரும் லா! நெசமா யாரு கழட்டினது?"

ஏஞ்சலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதிருக்கிறாள்.

"பையனோட அப்பாதான் அண்ணே. ரெண்டு பேரும் ஒரே ஷிப்ட். பின்னாடியே மோட்டார்ல வந்திருக்காரு. மகன் விழுந்ததும் பதறிப்போய் ஹெல்மெட்டக் கழட்டி, தூக்கி உட்கார வச்சுத் தண்ணி குடுத்திருக்காரு. 'அதுக்கு முன்னாடி காலை ஆட்டினான் மிஸ்ஸி, நான் தூக்கினப்புறம்தான்...'னு எங்கிட்ட சொல்லி அழுதாரு. கால் ஆடினத டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். தூக்கினது யாருன்னு மட்டும் சொல்லல."

"சொல்ல வேண்டியதுதானே? பெத்த அப்பன், வேணும்னா செஞ்சாரு? அந்தம்மாவுக்குப் புரியாதா?"

"இன்னைக்குப் புரியாது அண்ணே. அந்தம்மாவுக்கு யாரையாவது திட்டியாகணும். என்னைத் திட்டினா நான் என் வீட்டுக்குப் போயிடுவேன். அவரைத் திட்ட ஆரம்பிச்சா, அவரு எந்த வீட்டுக்குப் போவாரு?"