ஆத்தா கொடுத்த உத்தரவு

ராக்கன் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினான். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று பேச்சு. இனி பூசாரி எதை எடுத்தாலும் சிவப்புதான். சாமியையே ஏமாற்றுகிறோமே என்று பயந்தாலும், கூடவே சிரிப்பும் வந்தது.

பின்னே என்ன செய்வான்? அவன் மனைவி கண்ணாத்தாள் குனிந்தால் போதும், மண்டை பிளக்கிற மாதிரி வலி வந்துவிடும். சில நாள் கால் துவண்டு அப்படியே சரிந்துவிடுவாள். படுத்தால்தான் தணியும்.

மதராஸ் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "மூளைக்கு நடுவுல பட்டாணி அளவு ஒரு கட்டி. உள்ள கூழ் மாதிரி இருக்கும். குனியறப்ப அது மூளைத் தண்ணி போற வழியை அடைச்சுக்குது. மண்டையைத் திறந்துதான் எடுக்கணும்" என்றார். உயிருக்கு உத்தரவாதமில்லை, பிழைத்தாலும் ஞாபகம் போகலாம் என்றும் சொன்னார். ஐம்பத்தொன்பதாம் வருஷம் அது. மண்டையைத் திறப்பது என்றாலே ஊர் நடுங்கும்.

கண்ணாத்தாள் மட்டும் நடுங்கவில்லை. "தெறந்து எடுக்கட்டுங்க. தெனம் தெனம் சாகுறதுக்கு அது தேவல."

"மண்டை என்ன தேங்காயா, ஒடச்சுப் பாக்க? காளியாத்தாகிட்ட பூக்கட்டிப் பாப்போம். அவ சொல்றபடி நடப்போம்" என்றான் ராக்கன். கட்டுகிற வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான்.

பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்து, வீட்டுக்குள் தரையில் இறக்கிவிட்டு ஊருணிக்குக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது கண்ணாத்தாள் தலையைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்தாள்.

"குனிஞ்சியா புள்ள?"

"ஆமாங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிரும்."

"எத்தன தடவ சொல்றது ஒனக்கு?" என்று கத்தினான். வலி தணியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பிறகு கைத்தாங்கலாகக் கோயிலுக்கு அழைத்துப் போனான்.

பூசாரி அய்யாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை அரளி.

ராக்கன் ஆடிப்போனான். "ஆத்தா! ஆத்தா!" என்று அலறிக்கொண்டு தரையில் விழுந்து புரண்டான். அவன்மேல் சாமி வந்துவிட்டதென்று நாலு பேர் திருநீற்றை அள்ளி அப்பினார்கள். சிவப்பை வெள்ளையாக்கிய அதிசயத்தை அவனால் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போடுவது கோயில் வழக்கம். பூசாரி போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ராக்கனைப் பிடிக்க முடியவில்லை. காளியே கூட வரும்போது என்ன பயம்? புதுக்கோட்டையில் ரயில் ஏறியதும் ஜன்னலோரத்தில் துண்டை விரித்து ஓர் ஆள் இடத்தைக் காலியாக வைத்தான்.

"இங்க யாருங்க வர்றாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"வந்துட்டாக. உக்காந்துருக்காக. இடிக்காம அங்கிட்டுப் போங்க."

கேட்டவர் வேறு பெட்டிக்கே போய்விட்டார். விழுப்புரம்வரை அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. வெளியே வந்த டாக்டர், "கட்டியை முழுசா எடுத்தாச்சு. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டாங்க" என்றார்.

ராக்கன் நினைத்துப் பார்த்தான். சிவப்பு வந்திருந்தால் அவனே அல்லவா அவளைக் கொன்றிருப்பான்! வராந்தாவிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். எதிரே நின்ற நர்ஸ் பதறிப்போய் இரண்டு எட்டு பின்வாங்கினாள்.

ஞாபகம்தான் பாக்கி. மூன்றாம் நாள், தலையில் கட்டோடு படுத்திருந்தவளிடம் டாக்டர் கேட்டார்.

"உங்க பேரு?"

"கண்ணாத்தா."

"ஊரு?"

"பொன்னமராவதிப் பக்கம்."

"இவரு யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

ராக்கன் துள்ளிக் குதித்தான். டாக்டர் கையமர்த்தினார். "பழசு மறக்காதுங்க. புதுசு நிக்குதான்னுதான் பாக்கணும். அம்மா, இங்க வர்றதுக்கு முந்தி ஊர்ல என்ன நடந்துச்சு?"

அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். ராக்கனுக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லு புள்ள! பூக்கட்டிப் பாத்தமே, ஆத்தா உத்தரவு குடுத்தாளே..." என்று எடுத்துக் கொடுத்தான்.

கண்ணாத்தாள் அவனைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

"இவரு ரெண்டுலயும் செவப்பு வச்சிருந்தாரு டாக்டரய்யா. நாந்தான் ரெண்டையும் வெள்ளையா மாத்துனேன்."