புளுகு அத்தியாயம்

ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் கதவைத் திறந்தார். அவர் அச்சுக்குக் கொடுத்திருந்த சுயசரிதையோடு அச்சகத்துப் புரூஃப் ரீடர் நின்றிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“சுயசரிதைன்னா உண்மையை எழுதணும். கடைசி அத்தியாயம் அண்டப்புளுகு!”

“எது?”

“கோவிச்சுக்கிட்டுப் போன தம்பி, இத்தனை வருஷம் கழிச்சு, தானா வீடு தேடி வந்தான்னு இருக்கே! எப்ப வந்தான்? முழுசா அடிச்சிடவா?” என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார் புரூஃப் ரீடர்.

டிரைவர் சிரித்தபடி வழிவிட்டார்.

“எழுதும்போது பொய்தான்டா. தெரிஞ்சேதான் நீ வேலை பார்க்கிற அச்சகத்துல கொடுத்தேன். இப்பதான் வந்துட்டியே, இன்னும் எதை அடிக்கப் போறே?”

தம்பி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“அண்ணி எங்கே?” என்றபடி உள்ளே வந்தார்.