ருசி பார்க்காத டார்ட்

என் கணவர் குகனின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அவருடைய அக்கா ஜெர்மனியிலிருந்து பாரிசுக்கு ரயிலில் வந்தாள், பை நிறையப் பிளம்ஸ் பழங்களோடு. தம்பிக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும் என்றாள்.

"பிளம்ஸுக்கு மேல வெண்ணெயும் மாவும் உதிர்த்துப் போட்டுச் சுட்டால் முழுத்தட்டும் திண்டிடுவான்."

"அது உங்களோட இருந்த காலம், மச்சாள். இஞ்ச வந்தாப்பிறகு பாதாம் அரைச்சு வைச்சுச் சுடுற டார்ட் கேக்தான் அவருக்கு உயிர்."

"கூடப்பிறந்த எனக்குத் தெரியாதோ?"

"கட்டின எனக்குத் தெரியாதோ?"

கடைசியில் ஒரே தட்டில் இரண்டையும் செய்தோம். அடியில் பிரெஞ்சுக்காரரின் பாதாம் களி, நடுவில் பழம், மேலே ஜெர்மன்காரரின் உதிரி மா, அதன்மேல் வால்நட் பருப்பு. களியைத் தொட்ட விரலை அவள் வாய்க்குக் கொண்டுபோனபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். படையலை நாங்கள் ருசி பார்க்கக் கூடாது. இனிப்புக் கூடியதோ குறைந்ததோ, அவர்தான் முதலில் அறிய வேண்டும்.

சுடச்சுட அவர் படத்தின் முன் வைத்து, வழக்கப்படி அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். இடுக்கு வழியாக வெண்ணெய் வாசம் வந்தது.

"இப்ப முதல்ல எதில கை வைச்சிருப்பான்?" என்றாள்.

"மேல இருக்கிற பருப்பை ஒவ்வொண்டாப் பிடுங்கி..." என்றேன்.

"ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைச்சு, கள்ளன்!" என்று அவள் முடித்தாள்.

வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தோம். பிறகு கதவைத் திறக்கக் கை நீட்டிய மச்சாள், திறக்காமல் விரலால் மெல்லத் தட்டினாள்.

"குகா, முடிஞ்சுதோடா?"

இருவரும் காது கொடுத்து நின்றோம்.