முதல் ஆட்டத்துக்கு ஒரு டைமர்

பூங்கோதை மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, அதன்மேல் ஒரு துணி கிளிப்பை மாட்டினாள். தெரியாமல் யாரும் தூக்கிவிடக் கூடாது.

வீட்டில் இருந்த அந்த 'யாரும்' ஒரே ஒருவர்தான். கணவர். ஹாலில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

ஸ்விட்ச் போர்டைக் கழற்றினாள்.

உள்ளே தூசி. ஒரு செத்த பல்லி.

பல்லியைத் தூக்கிப் போட்டாள். இன்றைக்குச் சகுனம் பார்க்க நேரமில்லை.

இரண்டு டைமர் வாங்கியிருந்தாள். ஒன்று வாசல் லைட்டுக்கு. இன்னொன்று படுக்கையறை ஃபேனுக்கு. முதல் ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரி வரும்போது அந்த அறை அடுப்பாகக் கொதிக்கும். அரைமணி முன்னால் ஃபேன் தானே ஓடத் தொடங்கினால் வந்ததும் படுக்கலாம். ஆசைப்படுவது என்று ஆன பிறகு முழுசாகவே ஆசைப்பட்டுவிட வேண்டும்.

டைமர் ஓடுவதற்கு அதற்கென்று ஒரு நியூட்ரல் ஒயர் வேண்டும். பக்கத்துப் பிளக் பாயிண்டிலிருந்து கறுப்பு ஒயரை இழுத்தாள். திருகினாள். இழுத்துப் பார்த்தாள். கழன்று வரவில்லை. "பயப்படாதீங்க" என்று, ஒயரிங் சொல்லிக்கொடுத்த வீடியோக்காரன் வரிக்கு வரி சொல்லியிருந்தான்.

அவளுக்குப் பயமே இல்லை. சந்தோஷம்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் மேட்னிதான். பொழுது சாய்ந்தால் வாசல் லைட் எரிய வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருட்டாகக் கிடந்தால் லட்சுமி படியேற மாட்டாள். மாமியார் போட்ட சட்டம். மாமியார் போன பிறகு மகன் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேட்னியிலும் இடைவேளைக்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளாது. கடைசிக் காட்சிக்கு முன்பே கிளப்பிவிடுவார். வில்லன் செத்தானா இல்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள்.

போகும்போதே லைட்டைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

பட்டப்பகலில் எரிகிற விளக்கு கணக்கில் வராதாம்.

மெயினைத் தூக்கினாள். இரண்டு குட்டித் திரைகளும் கண் விழித்தன.

நேரம் வைத்தாள். கிழமை வைத்தாள். மாலை ஆறு அதன் பாஷையில் பதினெட்டு. ஆட்டோ மோடில் விட்டாள். ஆட்டோவில்தான் இருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

சோதிக்காமல் முடியாது. ஃபேனுக்கு அடுத்த நிமிடத்தை வைத்துவிட்டு, கட்டிலில் மல்லாந்து படுத்தாள்.

டிக்.

மூன்று இறக்கையும் சோம்பலாக அசைந்தன. அப்புறம் வேகம் பிடித்தன. யாரும் தொடவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. அவள் தனியாகப் படுத்துச் சிரித்தாள்.

அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"இங்க பாரு பூங்கோதை. மெஷின் போட்டா அது வெளிச்சம். விளக்கு வச்சதா ஆகாது."

"ஆறு மணிக்கு வாசல்ல நின்னு பாப்போங்க. ஒங்க மனசுக்கு அது விளக்காத் தெரியலன்னா அப்படியே திரும்பி உள்ள வந்துருவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் முதல் ஆட்டம்னு வாயே தொறக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தீர்ப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டாள்.

ஆனாலும் பட்டு பார்டர் வைத்த புடவையைத்தான் எடுத்தாள். பூ வைத்துக்கொண்டாள். ஆறரை மணி ஆட்டம். ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் போய் அந்தக் குட்டித் திரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவர் சட்டை மாட்டி, செருப்புப் போட்டு, பஞ்சாயத்துக்குக் கிளம்புகிற முகத்தோடு வெளியே வந்தார். வாசலில் கைகட்டி நின்று பார்ப்பதாகத் திட்டம். அதற்கு முன் கதவைப் பூட்டத் திரும்பினார். அவர் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார்.

அவள் கேட்டுக்கு வெளியே, வண்டிப் பக்கம் நின்றாள்.

இரண்டாவது தடவை இழுத்துக்கொண்டிருந்தார்.

லைட் எரிந்தது.

அவள் போனைப் பார்த்தாள். ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

திக்கென்றது. இத்தனை பார்த்துப் பார்த்து வைத்தும் தப்பு. எங்கே தப்பு?

ஹால் கடிகாரம்.

மில் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று அவர் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிற கடிகாரம். அதைப் பார்த்துத்தான் டைமருக்கு நேரம் வைத்திருந்தாள். இத்தனை வருஷம் அதே வீட்டில் குப்பை கொட்டியும் மறந்திருக்கிறாள். போச்சு. இனி ஆயுசுக்கும் மேட்னிதான்.

மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அவர் சாவிக்கொத்தோடு இரண்டு கையையும் குவித்து, லைட்டுக்கு நேராகக் கண்ணை மூடி நின்றார். உதடு அசைந்தது.

அவள் சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

"பத்து நிமிஷம் முந்திருச்சு. ஒழுங்கா வைக்கத் தெரியல ஒனக்கு."

"நாளைக்குச் சரி பண்ணிர்றேங்க."

அவர் வண்டியின் ஸ்டாண்டை எடுக்கக் காலைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

வெறுங்கால்.

செருப்பு இரண்டும் கதவுக்கு முன்னால், லைட் வெளிச்சத்தில் கிடந்தன.

கேட்டைத் திறந்துகொண்டு போனார். திரும்பி வருவதற்குள் அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.