உதவி கேட்டு வந்தவள்

கேதீஸ்வரியின் வாயோரம் வழிந்த பிளேன்டீயை அவள் கணவன் இராசதுரை தன் துவாயால் ஒற்றியெடுத்தான். "மெதுவாக் குடி புள்ள" என்று கோப்பையை மறுபடியும் அவள் உதட்டருகே கொண்டுபோனான்.

உதடு வீங்கியிருந்தது. நெற்றியில் தையல். இடது கையைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். வாகரையிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பில் நிமிர்ந்து உட்காரக்கூட அவளால் முடியவில்லை.

வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதியுதவி வழங்கும் அந்தப் புளியந்தீவு அலுவலகத்தில் ஷஸ்னா சேர்ந்து அதிக நாளாகவில்லை. மின்விசிறியைக் கேதீஸ்வரியின் பக்கமாகத் திருப்பிவைத்தாள்.

"என்ன நடந்த அக்கா?"

"அவளுக்குப் பேச ஏலா மிஸ்." இராசதுரை முந்திக்கொண்டான். "அடிபட்ட நாளிலயிருந்து ஒரு சொல்லும் வரல்ல. பயத்தில வாய் கட்டிப் போச்சுது. பொலிஸ் கேக்கக்குள்ளயும் நான்தான் பக்கத்தில நிண்டு எல்லாம் சொன்னன்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"நான் தோணியில. மத்தியானம் வந்து பாத்தா குசினிக்குள்ள அடுப்படியில ரெத்தத்தில கிடக்காள். ஆரோ கள்ளனுகள் மிஸ். காதில கழுத்தில கிடந்ததெல்லாம் கொண்டு போயிட்டானுகள்."

சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது.

"விறகுக் கட்டையால அடிச்சிரிக்கு. 'காணும், காணும், இனி அடிக்காதீங்க' எண்டு கையெடுத்துக் கும்பிட்டவள். விடல்லயே மிஸ்!"

துவாயால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"கைக்குப் பிளேட் வைக்கணுமாம். அதை வெளியில வாங்கித் தரச் சொல்றாங்க. வலையையும் வித்துட்டன். நீங்களும் கைவிட்டா இவளத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவன்?"

"அழாதீங்க அண்ணன். உதவி கிடைக்கும். ஆனா காசு அக்காட பேரில உள்ள கணக்குக்குத்தான் போகும்."

"அவள்ட புத்தகம் என்னட்டத்தான் இரிக்கு." சட்டைப் பையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

"இதுக்கு ஒரு போட்டோகொப்பி வேணும். எங்கட மெஷின் பழுது. முன் கடையில எடுக்கலாம்."

இராசதுரை எழுந்தான். மனைவியின் வலது கையைப் பிடித்து அவளையும் தூக்கினான். "வா புள்ள, போயிட்டு வருவம்."

"இந்த வெயிலுக்குள்ள அவங்க ஏன்? இருக்கட்டுமே."

"தனிய இருந்தாப் பயப்படுவாள் மிஸ்."

"நான் இரிக்கன்தானே."

அவன் தயங்கினான். பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வெளியே போனான்.

ஷஸ்னா பெருமூச்சு விட்டாள். "உங்கள உசிராப் பாக்கார் அக்கா. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

கேதீஸ்வரி எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவு வரைக்கும் நடந்தாள். வலது கையால் அதைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அத்தோடு அங்கேயே நிலத்தில் சரிந்தாள்.

"அக்கா! என்ன செய்யுது?" ஷஸ்னா ஓடிவந்து குனிந்தாள்.

வெளியே யாரோ நடந்துபோகும் சத்தம் கேட்டது. அது விலகும்வரை கேதீஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஷஸ்னாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"காசு வேணாம் தங்கச்சி... அவரோட மட்டும் என்னைத் திருப்பி அனுப்பிராதீங்க!"