கேட்டுக்கு வெளியே

மூன்றாவது தீக்குச்சியும் அணைந்ததும் நெஞ்சு டாக்டரே தன் லைட்டரை நீட்டினார்.

தையல்காரர் குனிந்து பற்றவைத்துக்கொண்டார். குண்டூசி கவ்வுகிற வாயில் சிகரெட். ஐம்பத்திரண்டு வயதில் நமக்கு வந்த கௌரவத்தைப் பார் என்று தன்னையே நொந்துகொண்டார்.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் எங்கேயும் புகைக்கக் கூடாதென்று போன மாதம் உத்தரவு. முன்பெல்லாம் டாக்டர் மாடியில் தன் அறை ஜன்னலோரமே காரியத்தை முடித்துக்கொள்வாராம். இப்போது பெரிய டாக்டரானாலும் சரி, தரை துடைப்பவரானாலும் சரி, கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வெயிலில்தான் நிற்கவேண்டும்.

ஒன்பது நாளாக இருவரும் அங்கே கூட்டாளிகள்.

தையல்காரர் தன் மனைவியைப் பற்றிக் கேட்பார். நுரையீரலில் கோத்த நீர் வடிந்துவிட்டதா, திரும்பவும் கோக்குமா, பரிசோதனைக்கு ஏன் சதை எடுத்தார்கள். டாக்டர் ஆற அமரச் சொல்வார். கடைசியில், இந்தப் பழக்கம் உங்களுக்கு வேண்டாம் என்று மூக்கு வழியாகப் புகை விட்டபடி புத்தியும் சொல்வார். தையல்காரர் இருமிக்கொண்டே தலையாட்டுவார்.

அன்று சாயங்காலம் டாக்டர் வார்டுக்கு வந்தார். சதைப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று நின்றபடியே சொன்னார். தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று டாக்டர் அடுத்துக் கேட்டார். இந்த நுரையீரலுக்கு இனிமேல் புகை வாடையே ஆகாதாம்.

"இவரா? கல்யாணமான நாள்லேருந்து ஒரு பீடியக்கூடத் தொட்டதில்ல டாக்டர். இங்க வந்துதான் இவரு சட்டையெல்லாம் புகை நாத்தம். உங்க ஆளுங்களக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்றாள் மனைவி, பெருமை பொங்க.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகத் தையல்காரரைப் பார்த்தார். இப்படியொரு புளுகனா என்று கேட்டது அந்தப் பார்வை.

மாட்டிக்கொண்டாயிற்று. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அவ சொல்றது நிஜந்தான் டாக்டர். இங்க வந்த ரெண்டாம் நாள்தான் கத்துக்கிட்டேன். வார்டுல நீங்க அரை நிமிஷந்தான் நிக்கிறீங்க. அங்க ஒரு சிகரெட் முடியிறவரைக்கும் நிப்பீங்க."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அடுத்த கட்டிலுக்கு ஒரு கால் வைத்துவிட்ட டாக்டர், திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. இன்னும் என்ன கேட்கவேண்டுமோ இங்கேயே கேளுங்கள் என்றார்.

கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகவேண்டும். வாயோ இப்போதே ஒரு இழுப்புக்கு நமநமவென்றிருந்தது. தையல்காரர் வெட்கத்தை விட்டு அதையே கேட்டார், இதை எப்படி விடுவது என்று.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அது தெரிஞ்சிருந்தா நான் எதுக்குங்க ரோட்டுல வந்து நிக்கப்போறேன்?"