ஆறில் ஒன்று

"பேப்பர் இல்லாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது, மிஸ்டர் வெர்னன்."

பிரெஸ்காட் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் செருகினார். பழைய கார்களுக்குச் சான்றிதழ் கொடுப்பவர். உலகத்தில் வேறு வேலைகளும் உண்டு என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய கார்க் கண்காட்சி நடந்த ஓஹாயோவின் அந்தச் சந்தைத் திடலில் வெயில் கொளுத்தியது. வெர்னனின் 1970 கார் நாவல்பழ நிறத்தில் மினுமினுத்தது.

"நல்லா பாருங்க சார்! இந்த இன்ஜின், இந்தக் கலர், கூடவே ஆட்டோமேட்டிக் கியர். மொத்தமே ஆறுதான் செஞ்சாங்க. மத்தவன்லாம் கையால கியர் போடற வண்டியத்தானே கேட்டான்!"

"கியர் போடத் தெரியாத ஆறு பேருன்னு சொல்லு," என்றாள் ஆர்டித், அவன் மனைவி.

"ஆட்டோமேட்டிக்க யாரு வேணும்னாலும் அப்புறமா மாட்டிக்கலாம்," என்றார் பிரெஸ்காட். "ஃபாக்டரியிலயே மாட்டினதுன்னு தாள் வேணும்."

"சான்றிதழ் மட்டும் கிடைக்கட்டும், சாகிற வரைக்கும் விக்க மாட்டேன்." வெர்னன் மனைவியிடம் திரும்பினான். "கிடைக்கலேன்னா காலையிலேருந்து விலை கேட்டுக்கிட்டிருக்கிற அந்தப் பல் டாக்டருக்கு இன்னைக்கே கொடுத்துடறேன். நீ சொல்ற மாதிரி அரிஸோனாவுக்கு மக வீட்டுக்கே போயிடலாம். போதுமா?"

ஆர்டித் காருக்குப் பக்கத்தில் பூப்போட்ட போர்வை மூடிய தன் இருக்கையில் சாய்ந்து, வலிக்கும் முட்டியைத் தேய்த்தபடி லெமனேட் உறிஞ்சினாள். கோடைதோறும், கண்காட்சிதோறும் இதே போர்வை, இதே இருக்கை. வெர்னனின் பார்வை காரைத் தாண்டி அந்தப் பக்கம் வந்ததே கிடையாது.

"கடைசியா ஒரு வழி இருக்கு," என்றார் பிரெஸ்காட். "அந்தக் காலத்துல வேலை செஞ்சவங்க அந்தத் தாளப் பின்சீட்டு ஸ்பிரிங்லயே விட்டுடுவாங்க. பாத்தீங்களா?"

வெர்னனின் முகம் வெளிறியது.

"ஐயோ, சீட்டையே புதுசா மாத்திட்டேனே! பழசு அசிங்கமா இருந்துச்சு... ஆர்டித், அது என்னாச்சு?"

"ஷெட்ட அடைச்சுக்கிட்டு கிடக்கு, என் கண்ணுல படாம பண்ணுன்னு நீதானே கத்தின?"

பிரெஸ்காட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் நிற்பதுபோல.

வெர்னன் கார்க் கதவை ஒருமுறை தடவினான். பிறகு பல் டாக்டரைத் தேடித் தளர்ந்து நடந்தான். பிரெஸ்காட்டும் அடுத்த காருக்கு நகர்ந்தார்.

இருவரும் கூட்டத்தில் மறைந்ததும் ஆர்டித் முட்டியைப் பிடித்தபடி எழுந்தாள். போர்வை ஓரத்தைத் தூக்கினாள். அந்தப் பழைய பின்சீட்டின் துருப்பிடித்த ஸ்பிரிங்கிலிருந்து எட்டிப்பார்த்த பழுப்புத் தாளை விரலால் உள்ளே தள்ளிவிட்டு, அதன் மேலேயே மறுபடி சாய்ந்து உட்கார்ந்தாள்.